சொந்தப் பங்குக் கோயிலில் கல்யாணம்: ஓலையில் தொடங்கிப் பதிவு வரை

எங்கள் பக்கம் கத்தோலிக்கக் குடும்பங்களில் கல்யாணம் பேசி முடித்ததும் முதலில் மண்டபத்துக்குத்தான் ஓடுவார்கள். அப்புறம் பத்திரிகை, பட்டு, நகை. கோயில் நம்முடையதுதானே, சாமியார் (பாதிரியார்) நமக்குத் தெரிந்தவர்தானே என்று அந்த வேலை மட்டும் கடைசிக்குத் தள்ளிப்போகும். என் கல்யாணம் எங்கள் பங்குக் கோயிலில், அதாவது எங்கள் ஊர்ப் பகுதிக் கத்தோலிக்கருக்கு உரிய கோயிலில் நடந்தது. அதற்கு முன்னால் அக்கா கல்யாணமும் அங்கேதான். இரண்டுக்கும் ஓடியாடியதில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். மண்டபம் கிடைக்காவிட்டால் கோயில் முற்றத்தில் பந்தல் போட்டுச் சோறு போட்டுவிடலாம். கோயில் காகிதங்களில் ஒன்று வந்து சேராவிட்டால் சாமியார் நினைத்தாலும் தாலி கட்ட வைக்க முடியாது. அதனால் முதல் நடை பங்குச் சாமியாரைப் பார்க்கத்தான் போகவேண்டும்.

எங்கள் ஊர் பாளையங்கோட்டை மறைமாவட்டத்தில் இருக்கிறது. மறைமாவட்டம் என்றால் ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின் பொறுப்பில் உள்ள பகுதி. என் வீட்டுக்காரர் ஊர் ராதாபுரம் பக்கம். இரண்டும் திருநெல்வேலி மாவட்டம்தான். ஆனால் அந்தத் தெற்குப் பகுதி, உவரி, வடக்கன்குளம் எல்லாம் தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. தூத்துக்குடி 1923-லேயே தனி மறைமாவட்டம் ஆகிவிட்டது. பாளையங்கோட்டை மதுரையிலிருந்து பிரிந்தது 1973-இல். ஒரே மாவட்டத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்தாலும் காகிதம் இரண்டு மறைமாவட்டங்களுக்கு நடுவே நடக்கவேண்டியிருப்பது இதனால்தான். எங்களுக்கு இன்னொரு சுற்றும் இருந்தது. இவருடைய தாத்தா காலத்திலேயே குடும்பம் பம்பாய் போய் தாராவியில் இருந்தது. இவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அங்கே உள்ள ஒரு பங்கில். நம் ஊர்க்காரர்கள் பாதிப்பேருக்குத் தாராவியில் ஒரு வேர் இருக்கும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

அப்பாவும் நானும் சாமியாரைப் பார்க்கப் போனது ஒரு சாயங்காலப் பூசை முடிந்த பிறகு. “தோத்திரம் சாமி” என்று அப்பா சொல்லி உட்காருவதற்குள் அவர் கேட்டது, “தேதி குறிச்சாச்சா, மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சா?”

“இன்னும் இல்ல சாமி. ஒங்களக் கேட்டுட்டுப் பாக்கலாம்னுதான்.”

அவர் முகம் மலர்ந்ததை இப்போதும் சொல்ல முடியும். மேசையில் இருந்த டைரியைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். கொடியேற்றம் முதல் தேர் வரை பத்து நாள், கிளைக் கிராமங்களின் திருவிழாக்கள், ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு உறுதிபூசுதல் என்ற சடங்கைச் செய்ய ஆயர் வரும் நாள், சாமியார்களுக்கான தியான வாரம் என்று அதில் ஏற்கெனவே பாதி நாள் போயிருந்தது. ஒரு பங்குக்குக் கீழே ஏழெட்டுக் கிளைக் கிராமங்கள் இருப்பது எங்கள் பக்கம் சாதாரணம். ஒரே சாமியார் எல்லாவற்றுக்கும் ஓடவேண்டும். வெளியூரிலிருந்து வரும் குடும்பத்துக்கு இது கண்ணில் படாது.

தேதி விஷயத்தில் இன்னும் கொஞ்சம். விபூதிப் புதன் தொடங்கி பாஸ்கா (ஈஸ்டர்) வரையுள்ள தவக்காலத்தில் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் அனுமதி கேட்கலாம், ஆனால் ஆடம்பரம் இருக்கக்கூடாது என்பார்கள். தவக்காலம் வருஷத்துக்கு வருஷம் முன்பின்னாக நகரும். அதனால் பிப்ரவரி, மார்ச்சில் தேதி பார்ப்பவர்கள் அந்த வருஷத்து ஈஸ்டர் எப்போது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலமும் அடக்கமாக இருக்கவேண்டிய காலம்தான். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் முதல் புது வருஷம் வரை, பம்பாய், சென்னை, துபாய் என்று போனவர்கள் எல்லாம் ஊரில் இருப்பார்கள். அந்த வாரத்தில் கோயிலும் கிடைக்காது, சமையல்காரரும் கிடைக்கமாட்டார். நமக்கு ஒரு வசதி உண்டு. முகூர்த்த நாள் பார்க்க வேண்டியதில்லை. முகூர்த்தம் இல்லாத நாளில், அதிலும் ஆடி மாதத்தில், திருநெல்வேலி டவுனிலும் பாளையங்கோட்டையிலும் பெரிய மண்டபங்கள்கூட வாடகையைக் குறைத்துப் பேச வரும். எங்கள் தேதி அப்படி அமைந்ததுதான். ஆடியில் வேண்டாம் என்று பெரியம்மை மட்டும் முணுமுணுத்தாள். மண்டபக் கணக்கைக் கேட்டதும் சம்மதித்துவிட்டாள்.

நேரமும் கவனிக்கவேண்டியது. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் கல்யாணம் நடக்கவேண்டும். கத்தோலிக்கரில் அந்த நேரத்துக்கு வெளியே நடத்த ஆயரின் அனுமதி வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குப் பூசை வைத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டு வேன் நாங்குநேரியில் நிற்கிறது என்று காத்திருக்கும் குடும்பங்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இனி காகிதங்கள். இதைத்தான் விரிவாகச் சொல்ல ஆசை. ஆட்கள் அல்லாடுவது இங்கேதான்.

ஞானஸ்நானச் சான்றிதழ் வீட்டு பீரோவில் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாங்கியது இதற்குச் செல்லாது. கல்யாணத்துக்கென்று ஞானஸ்நானம் பெற்ற பங்கிலிருந்து புதிதாக, ஆறு மாதத்துக்குள் எடுத்ததாகக் கேட்பார்கள். காரணம் தெரிந்தபோது எனக்கு அந்த ஏற்பாட்டின் மேல் மரியாதையே வந்தது. ஒருவருக்கு எந்த ஊரில் கல்யாணம் நடந்தாலும் அந்தச் செய்தி அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலுக்குப் போகும். பழைய பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ஓரத்தில் எழுதி வைப்பார்கள். புதிதாகச் சான்றிதழ் எடுத்தால் அந்த ஓரக் குறிப்பும் சேர்ந்து வரும். ஏற்கெனவே கல்யாணம் ஆனவர் வேறு ஊரில் வந்து ஆகவில்லை என்று சொல்ல முடியாது. முகம் தெரியாத வெளியூர் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல காவல் வேறென்ன இருக்கிறது? தரகர் சொல்வதையும் உறவுக்காரர் சொல்வதையும் நம்புவது இருக்கட்டும், அந்த ஓரத்தை ஒருமுறை பாருங்கள்.

இவருடைய சான்றிதழ் பம்பாயிலிருந்து வரவேண்டும். தபாலில் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்பது வேலைக்கு ஆகாது. அங்கே இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் நேரில் போய், பிறந்த தேதி, ஞானஸ்நானம் கொடுத்த வருஷம், தாய் தகப்பன், ஞானத்தாய் தந்தை பெயர் எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பதிவேட்டில் சீக்கிரம் தேடி எடுத்துவிடலாம். இவருடைய அத்தை அப்படித்தான் வாங்கி அனுப்பினாள். மறைமாவட்டம் விட்டு மறைமாவட்டம் வரும் காகிதம் என்றால் அந்த ஆயர் இல்லத்து முத்திரையும் வேண்டுமா என்று உங்கள் சாமியாரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது பெயர். நம் பக்கம் இது பெரிய தலைவலி. ஞானஸ்நானப் பதிவேட்டில் புனிதர் பெயரோடு ஆச்சி பெயரையோ தாத்தா பெயரையோ சேர்த்து நீளமாக எழுதியிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் கொடுத்திருப்பார்கள். ஆதாரில் முதலெழுத்து முன்னே இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னே போயிருக்கும். என் அம்மாவின் பெயரே என்னுடைய சான்றிதழில் ஒரு மாதிரியும், அவளுடைய ஆதாரில் இன்னொரு மாதிரியும் இருந்தது. பதிவேட்டில் உள்ளதை இஷ்டத்துக்குத் திருத்த முடியாது. பங்குச் சாமியாருக்கே அந்த உரிமை இல்லை, ஆயர் இல்லத்துக்கு எழுதி அனுமதி வாங்கவேண்டும் என்றார் எங்கள் சாமியார். பல இடங்களில் ‘இன்னார் என்கிற இன்னார்’ என்று இரண்டு பெயரையும் சேர்த்துக் கல்யாணப் பதிவேட்டில் எழுதிச் சமாளிக்கிறார்கள். எப்படி இருந்தாலும் கல்யாணப் பதிவேட்டில் எழுதப்போகும் பெயரும் உங்கள் ஆதாரும் ஒத்துப்போகின்றனவா என்று பேனா எடுப்பதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் பாஸ்போர்ட், வங்கி, விசா என்று எல்லா இடத்திலும் அந்த ஒரு வரிதான் முன்னால் வந்து நிற்கும்.

இது போக உறுதிபூசுதல் பெற்றதற்குச் சான்று, வயதுக்குச் சான்று, மற்றவருடைய பங்கிலிருந்து தடையில்லை என்ற கடிதம். வயது சட்டப்படி மாப்பிள்ளைக்கு 21, பெண்ணுக்கு 18 முடிந்திருக்கவேண்டும். குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர்க் கோயிலுக்குக் கட்டும் தலைக்கட்டு வரி பாக்கி இருந்தால் அதையும் இந்தச் சமயத்தில்தான் ஊர் நிர்வாகம் நினைவுபடுத்தும். வருஷக்கணக்காக வெளியூரில் இருப்பவர்கள் கல்யாணத்துக்காக மட்டும் திரும்பி வந்து, இவ்வளவு பாக்கியா என்று சண்டை பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காசில்தான் கோயிலுக்கு வெள்ளை அடித்தார்கள், மணி கட்டினார்கள். நாம் இல்லாத வருஷங்களிலும் அந்தக் கோயிலை யாரோ திறந்து வைத்திருந்தார்கள். மனசு கோணாமல் கட்டிவிட்டு ரசீது வாங்கிக்கொள்வது நல்லது.

அக்கா விஷயம் வேறு. அவளைக் கட்டியது எங்கள் அத்தை மகன். சின்ன வயசிலிருந்தே பேசி வைத்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அதில் ஒரு தடையும் தெரியவில்லை. திருச்சபைச் சட்டத்தில் தடை இருக்கிறது. இரண்டு பேரிலிருந்தும் பொதுவான தாத்தா பாட்டி வரைக்கும் எண்ணினால் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, ஆக நான்காம் படி. 1983-இல் வந்த சட்டத் தொகுப்பின்படி பக்கவழி உறவில் நான்காம் படி வரைக்கும் கல்யாணம் செல்லாது. மாமன் மகள், அத்தை மகன் என்று நாம் முறை சொல்லிக் கட்டுவதெல்லாம் இதற்குள் வந்துவிடும். ஆனால் இந்தத் தடைக்கு ஆயர் விதிவிலக்கு கொடுக்கலாம். பங்குச் சாமியார் காரணம் எழுதி, இரண்டு குடும்பத்து வம்சத்தையும் மரம் மாதிரி வரைந்து ஆயர் இல்லத்துக்கு அனுப்புவார். அனுமதி எழுத்தில் வந்த பிறகுதான் கல்யாணம். தாய்மாமனும் அக்காள் மகளும் என்றால் மூன்றாம் படி, அதற்கு அனுமதி லேசில் கிடைக்காது. அதற்கு அடுத்த தலைமுறை, அதாவது அத்தை பேரனும் மாமன் பேத்தியும் என்றால் இப்போது அந்தத் தடையே இல்லை. பழைய சட்டத்தில் அதற்கும் கேட்கவேண்டியிருந்ததால் பெரியவர்கள் சிலர் இன்றும் அப்படியே சொல்வார்கள்.

சொந்தத்தில் கட்டுபவர்கள் உறவை மறைக்காமல் முதல் நாளே சொல்லிவிடவேண்டும். அக்காவுக்குச் சாமியார் மருத்துவரையும் பார்த்துப் பேசச் சொன்னார். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. அத்தானே முன்வந்து கூட்டிப்போனார். அது எனக்கு இன்னும் பெருமை.

கல்யாணத்துக்கு முந்தைய பயிற்சிக்கு இரண்டு பேரும் போகவேண்டும். மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் நாட்கள் மாறும். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பவர்கள் அங்கேயே போய்ச் சான்றிதழ் வாங்கி வரலாமா என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். கடமைக்கு உட்கார்ந்து சான்றிதழ் வாங்கும் இடம் என்று சிலர் நினைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. சம்பளத்தை யார் கையில் கொடுப்பது, மாமியார் வீட்டோடு இருப்பதா தனியாகவா, குழந்தை எப்போது, குடி, கடன் இதையெல்லாம் நிச்சயம் ஆன இரண்டு பேர் வீட்டில் உட்கார்ந்து பேச நம் ஊரில் எங்கே இடம் இருக்கிறது? அங்கே ஒரு தாளைக் கொடுத்துத் தனித்தனியாக எழுதச் சொன்னார்கள், அப்புறம் மாற்றிப் படிக்கச் சொன்னார்கள். இவருக்கு ஒரு தங்கையைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பும் அதற்காக எடுத்த கடனும் இருந்தது எனக்கு முழுசாகத் தெரிந்தது அந்தத் தாளில்தான். கல்யாணத்துக்கு அப்புறம் தெரிந்திருந்தால் அது சண்டை. அன்றைக்கு அது கணக்கு. எந்த மாதம் வரை எவ்வளவு என்று அந்தத் தாளின் பின்பக்கமே எழுதினோம்.

திருமண விசாரணை என்று ஒன்று உண்டு. பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியே உட்கார வைத்துச் சாமியார் கேட்பார். என் முறை வந்தபோது அப்பா அம்மா இரண்டு பேரையும், “கொஞ்சம் வெளிய இருங்க” என்று அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்தபடியே வைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். அச்சடித்த தாளில் வரிசையாகக் கேள்விகள். இதற்கு முன் யாரையாவது கல்யாணம் செய்திருக்கிறாயா, சாகும்வரை பிரியாத பந்தம் என்று தெரியுமா, பிள்ளைகளை ஏற்றுக்கொள்ள மனசு இருக்கிறதா. ஒரு கேள்வி வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“யாரும் வற்புறுத்தலையேம்மா? வேண்டாம்னா இப்பவே சொல்லு. நான் பேசிக்கிடுதேன்.”

எனக்குச் சம்மதம்தான். ஆனாலும் அந்தக் கேள்வியை என்னிடம் நேராகக் கேட்ட முதல் ஆள் அவர்தான். பெண் பார்த்தது, பரிசம் போட்டது, எல்லா இடத்திலும் பதில் சொன்னது பெரியவர்கள். இதைப் படிக்கிற பெண்பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: விருப்பம் இல்லாவிட்டால் அந்த அறை அதைச் சொல்வதற்கான இடம். வற்புறுத்தலில் நடக்கும் கல்யாணம் திருச்சபைச் சட்டப்படியே செல்லாது. நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் அங்கே உட்கார்ந்திருப்பவர் ஓலை, அதாவது கோயிலில் சொல்லும் கல்யாண அறிவிப்பு, வாசிக்கக் கூடாது. பெற்றவர்கள் இந்த விசாரணையை ஒரு கையெழுத்து வேலையாக நினைத்துப் பெண்ணை அவசரப்படுத்தாதீர்கள்.

அப்புறம்தான் ஓலை. மூன்று ஞாயிறு, இரண்டு பங்கிலும், பூசையில் பெயர், தாய் தகப்பன், ஊர் எல்லாம் சொல்லி வாசிப்பார்கள். இவர்களுக்குள் கல்யாணத்துக்குத் தடை இருப்பதாகத் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று முடியும். முதல் ஓலை அன்று ஆச்சி விடியுமுன்னே குளித்து, காது சரியாகக் கேட்காது என்று பீடத்துக்கு நேர் கீழே போய் உட்கார்ந்துகொண்டாள். பேத்தி பெயர் வந்ததும் பின்னால் திரும்பி எல்லாரையும் பார்த்தாள். அன்றைக்குப் பூசை முடிந்து வெளியே வந்தால் ஊரே கல்யாண வீட்டு ஆளாகிவிட்டது. யார் வீட்டில் பெரிய அண்டா இருக்கிறது, யார் வீட்டு மாடியில் எத்தனை பேர் படுக்கலாம் என்பதெல்லாம் அந்த முற்றத்திலேயே முடிவாகிவிட்டது. மூன்று ஓலைக்கும் ஊரில் இருக்க முடியாதவர்கள் ஒன்றுக்காவது வாருங்கள். ஓலையைக் குறைக்க ஆயரிடம் அனுமதி வாங்கலாம் என்றாலும், விடுமுறை கிடைக்கவில்லை என்பதற்காக அதைக் கேட்பதில் எனக்கு விருப்பமில்லை.

கத்தோலிக்கரல்லாத சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவரைக் கட்டுவது நம் மாவட்டத்தில் சகஜம். பாளையங்கோட்டையில் கதீட்ரல் என்றால் எது என்று கேட்கவேண்டியிருக்கும், அந்த அளவுக்கு இரண்டு சபையும் கலந்து கிடக்கிறோம். அதற்கு ஆயரின் அனுமதி வேண்டும். கத்தோலிக்கராக உள்ளவர், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுக்கவேண்டும். இந்த வாக்கு மற்றவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். சிஎஸ்ஐ கோயிலில்தான் கல்யாணம் என்று முடிவானால் அதற்குத் தனியாக ஒரு விதிவிலக்கு. இந்துவைக் கட்டினாலும் கோயிலில் நடத்தலாம். ஆயரிடம் விதிவிலக்கு வாங்கி, பூசை இல்லாமல் வாசகமும் வாக்கும் தாலியும் மோதிரமுமாக முடிப்பார்கள். ஒருவர் மட்டும் கிறிஸ்தவராக இருந்தாலும் 1872 சட்டம் அதை ஏற்கும். மதம் மாறினால்தான் கோயிலில் தாலி என்று யாராவது சொன்னால் நேராகச் சாமியாரிடமே கேளுங்கள்.

எந்தக் கோயில் என்பதில் எனக்குத் திடமான கருத்து இருக்கிறது. பெண்ணின் பங்கிலோ மாப்பிள்ளையின் பங்கிலோ நடத்துவதுதான் முறை. வேறு கோயிலென்றால் அனுமதி வாங்கவேண்டும். படம் நன்றாக வரும் என்று பெயர்பெற்ற திருத்தலத்துக்குப் போகிறவர்கள் எண்ணிக்கை கூடிவருகிறது. நேர்ச்சை இருந்தால் சரி, அது வேறு. இல்லாவிட்டால் நான் சொந்தப் பங்கையே சொல்வேன். திருத்தலத்தில் ஒரே நாளில் இரண்டு மூன்று கல்யாணம் இருக்கும், அடுத்த வீட்டார் வாசலில் நிற்பார்கள். நம் கோயிலில் உபதேசியார் நமக்குப் புதுநன்மைக்கு, அதாவது முதல்முறை நற்கருணை வாங்குவதற்கு, சொல்லிக்கொடுத்தவர். கோயில்பிள்ளை நம் தாத்தாவுக்குத் துக்க மணி அடித்தவர். முக்கியமாக, பிற்பாடு புருஷன் பெண்சாதிக்குள் ஒரு பிரச்சினை என்றால் போய் நிற்க அந்த வாசல் இருக்கிறது.

கல்யாணப் பூசைக்கு வாசகங்களை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், கேட்டால் சாமியார் பட்டியல் தருவார். வாசிப்பவர்களை முந்தின நாளே மைக் முன்னால் நிறுத்தி ஒருதரம் வாசிக்கச் சொல்லுங்கள். கூட்டத்தைப் பார்த்ததும் நன்றாகப் படித்தவர்களுக்கே நாக்கு உலரும். மன்றாட்டுகளை நாங்களே எழுதினோம். இறந்துபோன இவருடைய அப்பா பெயரும் அதில் இருந்தது. பாட்டுக்கு டவுனிலிருந்து பெரிய இசைக்குழு பேசலாம் என்றார்கள். நான் எங்கள் பங்குப் பாடகர் குழுவையே கேட்டேன். அந்தக் கோயிலின் எதிரொலி அவர்களுக்குத் தெரியும். ஊர் சனம் சேர்ந்து பாட வருகிற பாட்டைத்தான் எடுப்பார்கள். ஒரு வாரம் முன்பே அவர்களுக்குப் பாட்டுகளைச் சொல்லிவிடவேண்டும். சினிமா மெட்டு கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது.

படம் எடுப்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அக்கா கல்யாணத்தில் வந்தவர் சாமியாருக்கும் மணமக்களுக்கும் நடுவில் நின்றுகொண்டார். தாலி கட்டும்போது ஆச்சிக்குத் தெரிந்தது அவருடைய முதுகுதான். கட்டி முடித்ததும், கையை மறுபடி அப்படியே வையுங்கள் என்று அத்தானிடம் கேட்டார். சாமியார் ஒரே வார்த்தையில் நிறுத்தினார்: “போதும்.” அதனால் என் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே படமெடுப்பவரைக் கோயிலுக்கு வரச் சொல்லி, சாமியார் முன்னாலேயே எங்கே நிற்கலாம், எது வரைக்கும் வரலாம் என்று பேசிவிட்டோம். பீடத்தில் ஏறக்கூடாது. சாமியார் அப்பத்தையும் இரசத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது விளக்கு அடிக்கக்கூடாது. ஓர் ஓரத்தில் ஒருவர், பாட்டு மாடியில் ஒருவர். படங்கள் ஒன்றும் குறையவில்லை. பூ அலங்காரத்துக்கும் இப்படித்தான். சம்பங்கியும் செண்டும் தோவாளையிலிருந்து வந்தன. ஆணி அடிக்காமல் கயிறு கட்டித் தொங்கவிடச் சொன்னோம். அலங்காரத்தை அன்றைக்கே பிரித்துச் சுத்தம் செய்யும் கூலியையும் முதலிலேயே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த வேலை கோயில்பிள்ளை தலையில் விழும்.

முந்தின நாள் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தோம். மணமக்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் வார்த்தைப்பாட்டை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. சாமியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லலாம்தான். ஆனாலும் இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறு. இவர் மனப்பாடமாகச் சொன்னார், ஓர் இடத்தில்கூடப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. சாமியார் மந்திரித்த தாலியை இவர் கட்டும்போது நாத்தனார் பின்னால் நின்று முடிச்சைப் பிடித்தாள். தாலியில் சிலுவை, இரண்டு பக்கமும் குண்டுமணி. அது எங்கள் வீட்டு வழக்கம்.

பூசை முடிந்ததும் பதிவேட்டில் கையெழுத்து. சாட்சி இரண்டு பேர் வேண்டும். சாப்பாட்டுப் பந்திக்கு ஓடாமல் பூசை முடியும்வரை கூட இருப்பவரைச் சாட்சியாகப் போடுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பெயர், வயது, தகப்பன் பெயர் ஒவ்வொன்றையும் படித்துப் பாருங்கள். வெளியே மேளம் அடிப்பார்கள், படமெடுப்பவர் அவசரப்படுத்துவார். அடித்துக்கொண்டு இருக்கட்டும், நிதானமாகப் படியுங்கள். எங்களுக்கு ஒரு எழுத்து மாறியிருந்ததை இவருடைய சித்தப்பா பார்த்துச் சொன்னார். அப்போதே திருத்திப் பக்கத்தில் எல்லாரும் கையெழுத்திட்டோம்.

கோயில் பதிவேட்டோடு வேலை முடியவில்லை. பங்குச் சாமியார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கல்யாண விவரங்களை அரசுக்கு அனுப்புவது தனி. 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எந்த மதத்துக் கல்யாணமாக இருந்தாலும், சொந்த மத வழக்கப்படிப் பதிவேட்டில் ஏற்கெனவே எழுதியிருந்தாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் 90 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. கோயில் சான்றிதழ், பத்திரிகை, இரண்டு பேருடைய ஆதார், வயதுச் சான்று, படங்கள், சாட்சிகள் எல்லாம் சேர்த்துக்கொண்டு, விருந்து ஓய்ந்த முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். மறுவீடு, விருந்து, வேலைக்குத் திரும்புவது என்று மூன்று மாதம் எப்படிப் போகும் என்றே தெரியாது. கல்யாணம் நடந்த ஊருக்குரிய அலுவலகத்தில் பதிவது சாட்சிகளுக்கும் வசதி, அவர்கள் பெரும்பாலும் ஊர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

வெளிநாடு போகிறவர்கள் கோயில் சான்றிதழில் இரண்டு மூன்று அசல் பிரதிகள் அப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். துணையின் விசாவுக்கு அரசுப் பதிவைத்தான் முதலில் கேட்பார்கள். அங்கே போய் ஒரு பங்கில் சேரும்போதும், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போதும் கோயில் சான்றிதழைக் கேட்பார்கள். இரண்டையும் ஒரே உறையில் வைத்துக்கொண்டு, ஒரு நகலை அம்மா வீட்டு பீரோவிலும் வைத்துவிட்டுப் போங்கள்.